எந்தப் பிரிவு பிடிக்கும் என்று தெரியாதபோது இன்ஜினீயரிங் படிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி இதுதான். பள்ளிப் படிப்பை முடித்த ஒருவருக்கு மூன்று பல்கலைக்கழகங்களில் இன்ஜினீயரிங் இடம் கிடைத்திருக்கிறது. முதலாவது, பழைய, பெயர்பெற்ற இடம், அங்கே மெக்கானிக்கல். இரண்டாவது இடத்தில் 'ரோபாட்டிக்ஸ் மற்றும் செயற்கை நுண்ணறிவு' என்று புதிதாகத் தொடங்கிய படிப்பு. மூன்றாவது இடத்தில் பிரிவு எதுவும் குறிக்காமலே சேர்த்துக்கொள்கிறார்கள். முதலாண்டு எல்லோருக்கும் பொது, அதன் முடிவில்தான் பிரிவு. "கணக்கும் பிசிக்ஸும் நன்றாக வரும். ஆனால் இதுதான் எனக்குப் பிடிக்கும் என்று எதையும் சொல்லத் தெரியவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லாரும் தெளிவாக இருக்கிறார்கள். தப்பாகச் சேர்ந்து நான்கு வருடம் வீணாகிவிடுமோ என்று பயம். எதில் சேரட்டும்?"

மூன்றாவதில் சேருங்கள் என்பதுதான் என் சாய்வு. ஆனால் அந்த இடத்தில் முதலாண்டு முடிவில் பிரிவை எந்த விதிப்படி ஒதுக்குகிறார்கள் என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் பார்த்துவிட வேண்டும். விதி உங்களுக்குச் சாதகமாக இல்லையென்றால் முதலாவது. இரண்டாவது படிப்பை அதன் பாடத்திட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு சோதனை செய்து பார்க்காமல் எடுக்க வேண்டாம். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். சில ஆண்டுகள் தொழிற்சாலையிலும் அதைவிட அதிக ஆண்டுகள் முதலாண்டு வகுப்பறையிலும் இருந்தவன் என்ற முறையில், இந்தக் குழப்பத்தோடு வந்த மாணவர்கள் பலரை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்தப் பயத்தைப் பற்றி. ஆர்வம் தெரியாமலிருப்பதை உங்கள் குறையாக எழுதியிருக்கிறீர்கள். பள்ளியில் நீங்கள் படித்தது கணக்கு, இயற்பியல், வேதியியல். அவற்றில் எதுவும் இன்ஜினீயரிங் கிடையாது. ஒரு உத்திரம் எவ்வளவு வளையும் என்று நீங்கள் கணக்கிட்டதில்லை, ஒரு சர்க்யூட் ஏன் வேலை செய்யவில்லை என்று இரவெல்லாம் தேடியதில்லை. வாயில் வைக்காத பண்டத்துக்கு ருசி சொல் என்றால் யார் சொல்ல முடியும்? தெளிவாக இருக்கிறேன் என்று சொல்லும் நண்பர்களில் பெரும்பாலானோரும் ஒரு பெயரைத்தான் பிடித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கும் வேலையை இன்னும் தொட்டதில்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கியதும் அவர்களில் சிலர் என் அறைக்கு வந்து, நீங்கள் இன்று கேட்டிருக்கும் அதே கேள்வியைக் கேட்பார்கள். நீங்கள் ஓராண்டு முன்னதாகவே கேட்டுவிட்டீர்கள், அவ்வளவுதான்.

ஆர்வம் என்பது எங்கோ உள்ளே ஒளிந்திருக்கிறது, அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற எண்ணமே சிக்கலுக்குக் காரணம் என்று நினைக்கிறேன். உளவியலாளர்கள் பால் ஓகீஃப், கரோல் டுவெக், கிரிகோரி வால்டன் மூவரும் 2018-ல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. ஆர்வம் பிறவியிலேயே அமைந்தது என்று நம்புகிறவர்கள், புதிதாகப் பிடித்துப்போன ஒரு விஷயம் கடினமாகத் தொடங்கியதும் சீக்கிரம் கைவிட்டுவிடுகிறார்கள். ஆர்வம் வளர்வது என்று நம்புகிறவர்கள் அந்த அளவுக்குக் கைவிடுவதில்லை. வகுப்பறையில் நான் கண்டதும் இதுதான். எந்தப் பிரிவிலும் முதல் கடினமான பாடம் வரும்போது "இது எனக்கானது இல்லையோ" என்று தோன்றும். அந்த எண்ணத்தை உடனே தீர்ப்பாக எடுத்துக்கொண்டவர்கள் எங்கே போனாலும் அதே இடத்தில் தடுக்கி விழுந்தார்கள்.

அப்துல் கலாமின் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் இந்தக் கோணத்தில் யோசித்திருக்க மாட்டீர்கள். இயற்பியல் பட்டப்படிப்பின் இறுதியில்தான், இது தன் துறை இல்லை என்று அவருக்கு உறைத்தது. பிறகு மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் சேர்ந்தார். அங்கே, பறப்பிலிருந்து விலக்கப்பட்ட இரண்டு விமானங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பிறகும் அவர் அவற்றின் அருகே நேரம் கழிப்பார். முதலாண்டு முடிந்து பிரிவைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது ஏரோநாட்டிக்கல் என்று சொல்ல அவருக்கு யோசனையே தேவைப்படவில்லை. இதில் நான் கவனிப்பது மூன்று: சேரும்போதே அவர் பிரிவை முடிவு செய்ய வேண்டியிருக்கவில்லை, கையால் தொடும் தூரத்தில் பொருள் இருந்தது, முடிவெடுக்க ஓராண்டு கிடைத்தது. படிப்பைத் தேடும்போது நீங்களும் இந்த மூன்றையும் தேடுங்கள். பிரிவின் பெயர் அதற்குப் பிறகு வரட்டும்.

இப்போது பிரிவுகளுக்கு வருகிறேன். "கார் பிடிக்குமா, மெக்கானிக்கல் எடு, கம்ப்யூட்டர் பிடிக்குமா, கம்ப்யூட்டர் சயின்ஸ் எடு" என்று சொல்வார்கள். இதை நம்பாதீர்கள். கார் ஓட்டப் பிடிப்பதற்கும், ஒரு கியர் பல்லின் அடிப்பகுதியில் எவ்வளவு தகைவு வரும் என்று மூன்று நாள் கணக்குப் போடப் பிடிப்பதற்கும் சம்பந்தம் குறைவு. நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. ஒவ்வொரு பிரிவுக்கும் அதற்கே உரிய ஓர் எரிச்சல் உண்டு. அந்த வேலையில் இருக்கும்வரை அது கூடவே வரும். எந்த எரிச்சலை உங்களால் தாங்க முடியும், எது உங்களைச் சீண்டி மறுபடி உட்கார வைக்கும்?

மென்பொருளில் இருக்கும் எரிச்சல், நேற்று ஓடியது இன்று ஓடாதது. தவறு எங்கோ ஒரு வரியில் இருக்கும். அந்த வரியைப் பத்து முறை படித்தும் கண்ணில் படாது. 1996 ஜூன் 4 அன்று ஏரியன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில், கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகாமல் அழிந்தது. 64 பிட் எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும் இடத்தில் அது அடங்கவில்லை. காரணத்தைத் தேடிப் போனால் அங்கேதான் போய் நின்றது. முந்தைய ஏரியன் 4-ல் ஒழுங்காக ஓடிய நிரல்தான் அது. இதைப் படித்ததும் "அந்த நிரலில் அப்படி என்ன எழுதியிருந்தார்கள்" என்று உடனே பார்க்கத் தோன்றுகிறதா? தோன்றினால் குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் துறையின் பெரிய வசதி, தவறு செய்தால் சில நொடிகளில் தெரிந்துவிடும், திருத்தி மறுபடி ஓட்டலாம். உடனுக்குடன் பதில் தெரிய வேண்டும் என்ற மனம் உள்ளவர்களுக்கு இது பெரும் நிம்மதி.

மெக்கானிக்கலில் அப்படி இல்லை. நீங்கள் வரைந்த பாகம் கைக்கு வர வாரங்கள் ஆகும், வந்தபின் பொருந்தாது. 20 மில்லிமீட்டர் துளைக்கு எச்7 என்ற துல்லியக் குறியீட்டை வரைபடத்தில் போட்டுவிட்டால், அது 20.000-க்கும் 20.021-க்கும் இடையில் இருக்க வேண்டும். அதாவது மில்லிமீட்டரில் ஏறக்குறைய ஐம்பதில் ஒரு பங்குக்குள். அதை இன்னும் இறுக்கினால் செலவு ஏறும், தளர்த்தினால் இயந்திரம் ஆடும். "சரியான விடை" என்று ஒன்று இல்லாமல், செலவு, எடை, உறுதி மூன்றையும் எடைபோட்டு ஓர் இடத்தில் நிற்கப் பழக வேண்டும். கணக்கில் ஒற்றை விடைக்குப் பழகிய நல்ல மாணவர்கள் இங்கே முதலில் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

எலெக்ட்ரிக்கல், எலெக்ட்ரானிக்ஸ் இரண்டிலும் நடப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. அலைவரைவியின் (ஆசிலோஸ்கோப்) திரையில் தெரியும் கோட்டை வைத்துத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டும். கம்பி என்றால் மின்சாரத்தைக் கொண்டுபோவது என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். ஒளியே 1 நானோ நொடியில் சுமார் 30 சென்டிமீட்டர்தான் போகும். சர்க்யூட் பலகையில் சிக்னல் அதைவிட மெதுவாகப் போகும். ஆகவே வேகமான சர்க்யூட்டில் ஒரு கம்பி இரண்டு அங்குலம் நீளமாக இருப்பதே பிரச்சினையாகிவிடும். கலப்பெண்களும் அலைகளும் இங்கே தினசரிப் புழக்கம். கணக்கை அதன் அழகுக்காகவே விரும்புகிறவர்கள் இந்தப் பிரிவில் எதிர்பாராமல் ஒட்டிக்கொள்வதுண்டு.

சிவிலைப் பலர் எளிது என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மற்ற துறைகளில் மாதிரி செய்து உடைத்துப் பார்த்துத் திருத்தலாம்; பாலத்தை அப்படிச் செய்ய முடியாது. ஒரு முறைதான் கட்டுவார்கள், மண்ணும் ஒவ்வோர் இடத்திலும் வேறு. 1981-ல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரத்தில் ஹயாட் ரீஜென்சி ஹோட்டலின் தொங்கு நடைபாதைகள் இடிந்து விழுந்து 114 பேர் இறந்தார்கள். இரண்டு நடைபாதைகளையும் ஒரே நீளக் கம்பியில் தொங்கவிடுவதாக இருந்த வடிவமைப்பை, கட்டும் வசதிக்காக இரண்டு கம்பிகளாக மாற்றினார்கள். பார்வைக்குச் சின்ன மாற்றம். ஆனால் மேல் நடைபாதையின் இணைப்பு, தன் சுமையோடு கீழ் நடைபாதையின் சுமையையும் தாங்க வேண்டியதாகி, விசை இரட்டிப்பானது. ஒரு காகிதம் உங்கள் கையெழுத்துக்கு வரும்போது அந்தச் சின்ன மாற்றத்தின் முன் நின்று யோசிக்கும் பொறுமை இருக்கிறதா என்பதே சிவில் கேட்கும் கேள்வி. விதிநூல்கள், அனுமதிகள், கூட்டங்கள் இவற்றோடு வாழவும் பழக வேண்டும்.

கெமிக்கல் இன்ஜினீயரிங் என்றால் வேதியியல் என்று நினைத்துச் சேர்ந்து ஏமாறுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி ஓட்டம், வெப்பம், சமநிலைக் கணக்குகள். குடுவையில் நடந்த வினையை ஆலையில் நடத்துவதுதான் அதன் மையச் சிக்கல். பாத்திரத்தின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் பத்து மடங்காக்கினால் மேற்பரப்பு நூறு மடங்காகும், கொள்ளளவு ஆயிரம் மடங்காகும். வெப்பம் உண்டாவது கொள்ளளவு முழுவதிலும். வெளியேறுவதோ மேற்பரப்பு வழியாக. குடுவையில் தானாகவே ஆறிய வினை ஆலையில் கொதித்துக் கட்டுமீறுவது இதனால்தான். இந்த ஒரு கணக்கு உங்களுக்குச் சுவையாக இருந்தால் அந்தப் பிரிவின் பாடத்திட்டத்தைக் கட்டாயம் ஒருமுறை பாருங்கள்.

இண்டஸ்ட்ரியல் இன்ஜினீயரிங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. பலருக்கு அப்படி ஒரு பிரிவு இருப்பதே தெரியாது. வரிசை, கையிருப்பு, கால அட்டவணை, புள்ளியியல் எல்லாம் அதில் வரும். மிக எளிய வரிசைக் கணக்கில்கூட, ஓர் இயந்திரம் 90 விழுக்காடு நேரம் வேலையில் இருப்பதை 95 ஆக்கினால் அதன் முன் காத்திருக்கும் நேரம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். பொருள்களைவிட ஒழுங்கமைப்பில் மனம் செல்பவர்களுக்கு இது ஏற்ற துறை. மெட்டீரியல்ஸ், பயோமெடிக்கல் பற்றியெல்லாம் எழுதிக்கொண்டே போகலாம். உங்கள் மூன்று இடங்களில் அவை இல்லாததால் விடுகிறேன்.

இதையெல்லாம் படித்து முடிவெடுக்க முடியாது என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். சேர இன்னும் சில வாரங்கள் இருக்கும்போது நான் சொல்லும் வேலை இது. நான்கு பிரிவுகளில் ஒவ்வொன்றுக்கும் மூன்று முழு நாள். முதல் மூன்று நாள், ஸ்டேட்டிக்ஸ் (அசையாமல் நிற்கும் பொருள்களின் மேலுள்ள விசைகளைக் கணக்கிடும் பாடம்) புத்தகத்தில் தூலக்கட்டு (டிரஸ்) கணக்குகள்: ஒவ்வொரு இணைப்பாகப் பிரித்து, எந்தக் கம்பி இழுபடுகிறது, எது நசுங்குகிறது என்று காண்பது. பள்ளி இயற்பியலே இதற்குப் போதும். அடுத்து, சர்க்யூட் பாடத்தில் கிர்காஃப் விதிகளை வைத்து, மூன்று வளையங்கள் கொண்ட சர்க்யூட்டுகளின் கணக்குகள். முடிந்தால் பலகையில் சில உதிரிகளைச் செருகி ஒரு விளக்கை மின்ன வைத்துப் பாருங்கள். அடுத்து, இருநூறு வரி வருகிற ஒரு நிரல். பயிற்சிக் காணொளியைப் பார்த்து அப்படியே அடிக்காமல், உங்களுக்கு நிஜமாகத் தேவைப்படும் ஏதாவது ஒன்றுக்கு எழுதுங்கள். கடைசியாக, கெமிக்கலின் முதல் பாடமான பொருள் சமநிலைக் கணக்குகள்: உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு, மீதி எங்கே.

எத்தனை சரியாக வந்தது என்பதை எண்ண வேண்டாம். அது பழக்கத்தைப் பொறுத்தது. வேறு இரண்டைக் குறித்து வையுங்கள். மாட்டிக்கொண்ட கணக்கை மூடி வைத்த பிறகும், குளிக்கும்போதோ நடக்கும்போதோ மனம் எதற்குத் திரும்பிப் போனது? விடை வந்த பிறகு "அளவை மாற்றினால் என்ன ஆகும்" என்று யாரும் கேட்காமலே எதில் கேட்டீர்கள்? இரண்டுக்கும் ஒரே பிரிவு பதிலாக வந்தால் அது கனமான சான்று. எதுவுமே வரவில்லை என்றாலும் பயனுள்ள செய்திதான். அப்போது பொது முதலாண்டின் பக்கம் இன்னும் அழுத்தமாகச் சாயலாம். நான்கிலும் வெறுப்பே மிஞ்சி, ஒரு சூத்திரம் ஏன் அப்படி இருக்கிறது என்று நிரூபிப்பதில் மட்டும் மனம் போனால், கணிதமோ இயற்பியலோ நேராகப் படிக்கலாமா என்று வீட்டில் பேசிப் பாருங்கள். நல்ல மதிப்பெண் வாங்குபவர் என்பதற்காகவே இன்ஜினீயரிங்குக்குத் தள்ளப்பட்ட சில நல்ல கணித மாணவர்களைப் பார்த்து எனக்கு வருத்தம் உண்டு.

இனி பல்கலைக்கழக விதிகள். கவர்ச்சியில்லாத பகுதி. ஆனால் உங்களைப் போன்றவருக்கு, பிரிவின் பெயரைவிட இந்த விதிகள்தான் அதிகம் முக்கியம். "முதலாண்டு பொது" என்ற ஒரே சொற்றொடரின் கீழ் முற்றிலும் வேறான ஏற்பாடுகள் இருக்கின்றன. மாசசூசெட்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜியில் மாணவர்கள் பிரிவு இல்லாமல் சேர்ந்து முதலாண்டு முடிவில் தாங்களே தேர்ந்துகொள்கிறார்கள். மதிப்பெண் போட்டி இல்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் முதலாண்டு பொதுதான். ஆனால் அங்கே பிரிவுகளின் இடங்கள் போட்டிக்கு உரியவை, மதிப்பெண் பார்க்கப்படும். கேம்பிரிட்ஜில் முதல் இரண்டு ஆண்டுகள் எல்லோரும் பொதுவாகப் படித்து, மூன்றாம் ஆண்டில்தான் பிரிகிறார்கள். அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரியில் இன்ஜினீயரிங்குக்குள் பிரிவே கிடையாது. பட்டமே பொது இன்ஜினீயரிங்தான். இன்னொரு திசையில், கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் பிரிவைச் சேரும்போதே கேட்டுவிடும்; ஆனால் படிப்புப் பருவமும் வேலைப் பருவமும் மாறி மாறி வருவதால், பட்டம் வாங்கும் முன்பே பல நிறுவனங்களில் உண்மையான வேலையைச் செய்து பார்க்கலாம். தனக்கு எது ஒத்துவரும் என்று தெரியாதவருக்கு இதுவும் ஒரு நல்ல வழி.

உங்கள் மூன்றாவது இடம் இதில் எந்த வகை? சேர்க்கை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். தேர்ச்சி பெற்றாலே விரும்பிய பிரிவு கிடைக்குமா, தரவரிசைப்படி ஒதுக்கப்படுமா? தரவரிசை என்றால், சென்ற ஆண்டு ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் என்ன? முதல் விருப்பம் கிடைக்காதவர்கள் எங்கே போனார்கள்? இதற்கு நேரான பதில் வராவிட்டால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். தரவரிசை மிகக் கடுமையாக இருக்கும் இடத்தில் பொது முதலாண்டு, பள்ளியின் இறுதித் தேர்வை இன்னோர் ஆண்டு நீட்டித்ததுபோல் ஆகிவிடும். மாணவர்கள் எது பிடிக்கிறது என்று பார்ப்பதை விட்டு அரை மதிப்பெண்ணுக்கு ஓடுவார்கள். தேடிப் பார்க்கத்தான் அங்கே போகிறீர்கள். தேட நேரம் தராத ஏற்பாட்டால் உங்களுக்கு லாபம் இல்லை. நிபந்தனை போட்டது இதனால்தான்.

முதலாவது இடத்துக்கும் இதே போல: மெக்கானிக்கலில் சேர்ந்தபின் வேறு பிரிவுக்கு மாற முடியுமா, ஆண்டுக்கு எத்தனை பேருக்கு அனுமதி, எந்தத் தேதிக்குள் விண்ணப்பிக்க வேண்டும், படித்த கிரெடிட்டுகள் கணக்கில் வருமா? எல்லா மாற்றமும் ஒரே அளவு வலிக்காது. மெக்கானிக்கல், சிவில், ஏரோஸ்பேஸ் மூன்றும் ஸ்டேட்டிக்ஸ், பொருள்களின் வலிமை ஆகியவற்றைப் பகிர்ந்துகொள்வதால் அவற்றுக்குள் மாறுவது எளிது. எலெக்ட்ரானிக்ஸும் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று அண்டை வீடு. மெக்கானிக்கலிலிருந்து கம்ப்யூட்டருக்கு இரண்டாம் ஆண்டின் பாதியில் மாறினால் பெரும்பாலும் ஓர் ஆண்டு கூடும். அந்த ஓர் ஆண்டின் கட்டணத்தையும் வீட்டில் இப்போதே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

பாடத்திட்டத்தைப் படிக்கும்போது நான் முதலில் பார்ப்பது, முதல் வடிவமைப்பு புராஜெக்ட் எந்த செமஸ்டரில் வருகிறது என்பது. முதலாண்டிலேயே ஏதாவது ஒன்றைச் செய்ய வைக்கும் இடத்தில் சீக்கிரம் உங்களை நீங்களே அறிந்துகொள்வீர்கள். இறுதியாண்டில்தான் வருகிறது என்றால், பிடிக்கவில்லை என்று தெரியும்போது எல்லாம் முடிந்திருக்கும். அடுத்துப் பார்ப்பது, வேறு துறைப் பாடங்களை எலெக்டிவாக எடுக்க எத்தனை கிரெடிட் விட்டிருக்கிறார்கள் என்பது.

இரண்டாவது இடத்தைப் பற்றிக் கேட்டால் கொஞ்சம் கவலையோடுதான் பதில் சொல்வேன். ரோபாட்டிக்ஸ் அருமையான துறை. ஆனால் அது பல துறைகள் சந்திக்கும் இடம். அதற்கு நெருங்கிய துறையான மெக்கட்ரானிக்ஸ் என்ற சொல்லே 1969-ல் ஜப்பானின் யாஸ்காவா நிறுவனத்தின் இன்ஜினீயர் டெட்சுரோ மோரி, மெக்கானிக்ஸையும் எலெக்ட்ரானிக்ஸையும் ஒட்டி உண்டாக்கியது. சந்திப்புக்கு எந்தச் சாலை வழியாகவும் வந்து சேரலாம். சந்திப்பிலிருந்தே தொடங்கினால் எந்தச் சாலையும் முழுதாகத் தெரியாமல் போகும் ஆபத்து உண்டு. ஆகவே சோதனை இது. அந்தப் படிப்பின் பாடப் பட்டியலை, நல்ல மெக்கானிக்கல் பட்டியல் ஒன்றின் பக்கத்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டியல் ஒன்றின் பக்கத்திலும் வையுங்கள். நேரியல் இயற்கணிதம், நிகழ்தகவு, டைனமிக்ஸ், கன்ட்ரோல், டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ், அல்காரிதம் ஆகியவை முழுப் பாடங்களாக இருக்கின்றனவா? அல்லது "அறிமுகம்" என்ற பெயரில் ஒவ்வொன்றும் அரைகுறையாக வந்து, மீதி இடத்தை இன்றைய மென்பொருள் கருவிகளின் பெயர்கள் நிரப்புகின்றனவா? முதல் வகை என்றால் தைரியமாகச் சேரலாம். உழைப்பு அதிகம் இருக்கும், பயனும் இருக்கும். இரண்டாவது வகை என்றால் விட்டுவிடுங்கள். கருவிகளின் ஆயுள் குறைவு. நேரியல் இயற்கணிதத்துக்கு அந்தக் கவலை இல்லை. முக்கியமாக, எது பிடிக்கும் என்றே தெரியாத ஒருவர் முதல் நாளே மிகக் குறுகிய கதவில் நுழைவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேலைவாய்ப்பைச் சொல்லி யாராவது அவசரப்படுத்துவார்கள். பட்டம் வாங்கியபின் சம்பாதிக்க வேண்டியது உண்மை, அதை அலட்சியம் செய்யச் சொல்லவில்லை. ஆனால் இன்றைய சந்தையைப் பார்த்து நான்காண்டுக்குப் பிந்தைய சந்தைக்குத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு நிச்சயமற்றது என்பதற்கு ஓர் உதாரணம். 2012-ல் கச்சா எண்ணெய் பீப்பாய் 100 டாலரைச் சுற்றி இருந்தது. பெட்ரோலியம் இன்ஜினீயரிங்குக்கு மாணவர்கள் விரும்பிச் சேர்ந்தார்கள். 2014-ன் பின்பாதியில் விலை சரியத் தொடங்கி 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனது. 2012-ல் சேர்ந்தவர்கள் பட்டம் வாங்கிய ஆண்டு 2016. 2000-ல் தொடங்கிய டாட்காம் சரிவுக்குப் பிறகோ நேர்மாறாக நடந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்வோர் அமெரிக்காவில் பல ஆண்டுகள் குறைந்தார்கள். அந்த மெலிந்த காலத்தில் சேர்ந்து நன்றாகப் படித்தவர்களுக்குப் பின்னால் நல்ல வரவேற்பு இருந்தது.

இன்னொன்று. நீங்கள் பயப்படும் அளவுக்குப் பிரிவுகளுக்கு நடுவே சுவர் உயரமில்லை. ஒரு ஸ்பிரிங்கில் தொங்கி ஆடும் எடைக்கு எழுதும் சமன்பாடும், கம்பிச் சுருள், மின்தடை, மின்தேக்கி கொண்ட சர்க்யூட்டுக்கு எழுதும் சமன்பாடும் ஒன்றே. எடை இருந்த இடத்தில் சுருள், உராய்வு இருந்த இடத்தில் மின்தடை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் ஃபூரியே 1822-ல் வெளியிட்ட கணிதம் உலோகத்தில் வெப்பம் பரவுவதைப் பற்றியது. இன்று ஒலியையும் படத்தையும் சுருக்குவதற்கு அடிப்படை அதுதான். கிளாட் ஷானன் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் எலெக்ட்ரிக்கல், கணிதம் என்று இரண்டிலும் பட்டம் வாங்கியவர். அங்கே படித்த ஜார்ஜ் பூலின் தர்க்க இயற்கணிதத்தை 1937-ல் தன் முதுகலை ஆய்வில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சர்க்யூட்டுகளுக்குப் பொருத்தினார். கணினிச் சர்க்யூட்டுகளின் வடிவமைப்பு அதன் மேல் எழுந்தது. ஃபிரான்செஸ் ஆர்னால்ட் 1979-ல் பிரின்ஸ்டனில் பட்டம் பெற்றது மெக்கானிக்கல் மற்றும் ஏரோஸ்பேஸில். சூரிய ஆற்றல் துறையில் வேலை பார்த்துவிட்டு, பெர்க்லியில் கெமிக்கல் இன்ஜினீயரிங் முனைவர் பட்டம் வாங்கி, நொதிகளை மாற்றியமைக்கும் ஆய்வுக்காக 2018-ல் வேதியியல் நோபல் பெற்றார். இவர்கள் அசாதாரணமானவர்கள்தான். ஆனால் சாதாரணமானவர்களிலும் பார்த்திருக்கிறேன். ரோபோ செய்ய வேண்டும் என்று சேர்ந்த ஒரு மாணவி இரண்டாம் ஆண்டில் ஒரு பேரிங் ஏன் தேய்ந்தது என்று நுண்ணோக்கியில் பார்க்கப் போனவர், அந்தத் தேய்மானத்தைவிட்டு வெளியே வரவே இல்லை. இன்று அவருக்கு அதுதான் தொழில்.

உங்களுக்கான யோசனையைச் செயலாகச் சொன்னால் இப்படி. இந்த வாரமே மூன்று இடங்களுக்கும் விதிகளைக் கேட்டு எழுதுங்கள். பதில் வருவதற்குள் அந்தப் பன்னிரண்டு நாள் சோதனையை முடித்துவிடுங்கள். மூன்றாவது இடத்தில் ஓரளவு ஒழுங்காகப் படிப்பவருக்கு விரும்பிய பிரிவு கிடைக்கிறது என்று தெரிந்தால் அங்கே சேருங்கள். இல்லையென்றால் முதலாவது. மெக்கானிக்கலின் அடித்தளம் அகலமானது, பழைய இடத்தில் லேப்களும் கூடப் படிப்பவர்களும் நன்றாக அமைய வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தச் சோதனையில் தூலக்கட்டுக் கணக்குகள் உங்களுக்கு வேப்பங்காயாக இருந்திருந்தால் மட்டும், இந்த முடிவை எடுக்கும் முன் எனக்கு மறுபடி எழுதுங்கள்.

எங்கே சேர்ந்தாலும் முதல் செமஸ்டரில் உங்கள் பிரிவு அல்லாத ஒரு குழுவில், ரேஸ் கார் செய்பவர்களோ செயற்கைக்கோள் செய்பவர்களோ யாராக இருந்தாலும் சரி, கருவி எடுத்துக் கொடுக்கவாவது போய் நில்லுங்கள். பிரிவு மாற்ற விண்ணப்பத்தின் கடைசித் தேதியைச் சேர்ந்த அன்றே நாட்காட்டியில் குறித்து, அதற்கு ஒரு மாதம் முன்னால் மூன்றாம் ஆண்டு படிக்கும் இரண்டு பேரிடம் போய், "போன வாரம் எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.